செங்கம் சாலை வளைவில் காணாமல் போன கைகள்

அடுத்தவர் கையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் தங்கள் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. இந்த ஞானம் எனக்கு ஓர் இளநீர்க் குவியலுக்குள் கிடைத்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் திருவண்ணாமலையில் ஒரு லாரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். என் வேலை, பார்ப்பது. ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு கேமரா. ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தால், "இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கவும்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். (எஞ்சின் இரைச்சலில் அது எந்த ஓட்டுநர் காதிலும் விழுந்ததில்லை.) உடனே வண்டி எண்ணோடும் இடத்தோடும் எனக்கொரு பத்து விநாடி வீடியோ வரும். அதில் ஸ்டியரிங்கும் மடியும் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது.

பார்க்கப் பார்க்க எனக்கு இதில் பைத்தியமே பிடித்துவிட்டது. ஒருத்தர் சூடான டம்ளரைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடிப்பார். இன்னொருத்தர் மணிக்கட்டை மேலே தொங்கவிட்டுத் தாளம் போடுவார். ஒருத்தர் ரயில்வே கேட்டில் நிற்கும்போதெல்லாம் மஞ்சள் துணியால் ஸ்டியரிங்கைக் குழந்தை முகம் மாதிரி துடைப்பார். ஆளே தெரியாமல் கையை வைத்து அவர்கள் குணத்தையெல்லாம் கணித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, எல்லாம் தெரிந்த வயது.

ஏழுமலை அண்ணனின் கைகள்தான் இருப்பதிலேயே ஒழுங்கு. செங்கம் பக்கமிருந்து நெல் ஏற்றி வரும் ஒரே லாரி அவருடையது. ஆனால் தினமும், ஊருக்கு வரும் வழியில் ஒரே ஒரு வளைவில், அவருடைய இரண்டு கையும் மேலே எழும்பிக் காணாமல் போய்விடும். மூன்று விநாடி கழித்து ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வரும். அதுவும் வரும்போது மட்டும், போகும்போது கிடையாது.

எனக்குத் தூக்கம் போயிற்று. புகையிலையா, போனா என்று யோசித்தேன். தலை வாருகிறாரோ என்று அவரை நேரில் போய்ப் பார்த்தேன். வழுக்கை. கேட்டே விட்டேன்.

"அந்த வளைவுல ரெண்டு கையையும் எடுத்துட்டு இன்னாண்ணா பண்றீங்க?"

"நான் எங்கம்மா எடுத்தேன்? இருபத்தஞ்சு வருசமா வண்டி ஓட்டறேன். எடுக்கவே இல்ல."

பச்சைப் பொய் என்று முடிவு கட்டினேன். 'தவறை மறைக்கிறார்' என்று அறிக்கையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதை முதலாளி ஏற்றுக்கொண்டால் ஏழுமலை அண்ணனை லாரியை விட்டு இறக்கிவிடுவார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது. அது எனக்குத் தெரிந்தும் எழுதினேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

முதலாளி நியாயஸ்தர். "நேர்ல போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்மா" என்று தன் காரை எடுத்தார். ஊருக்கு முன்மாதிரியாக இருக்க அதிலும் ஒரு கேமரா மாட்டியிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருக்கலாம்.

"நானே ஓட்டறேன் சார். கை எப்பிடி இருக்கணும்னு அண்ணனுக்கும் காட்டின மாதிரி இருக்கும்."

(லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்.)

முதலாளி என் பக்கத்தில், ஏழுமலை அண்ணன் பின்னால். செங்கம் வரை போய்த் திரும்பினோம். கடிகாரத்தில் பத்துக்கும் இரண்டுக்கும் முள் இருக்குமே, அப்படி என் கைகள். வழியெல்லாம் பாடம் எடுத்தேன். "பிடி ஜாஸ்தியும் இருக்கக் கூடாது, கம்மியும் இருக்கக் கூடாதுண்ணா." அவர் பாவம், "சரிம்மா, சரிம்மா" என்று என் கையையே கவனித்துக்கொண்டு வந்தார்.

அந்த வளைவு வந்தது. புளியமரங்கள் முடிந்தன. மலை, அடியிலிருந்து உச்சி வரை, முழுசாக எதிரே நின்றது.

"அண்ணாமலையாரே!" என்றார் முதலாளி.

அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது, "இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கவும்" என்ற பெண் குரல். அமைதியான காரில் அது ரொம்பத் தெளிவாகக் கேட்டது. பின்னாலிருந்து ஒரு காய்ப்பேறிய கை என் தோளைத் தாண்டிப் பாய்ந்து ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பியது. கார், சாலையோரம் கடை போட்டிருந்த இளநீர்க்காரரை விட்டுவிட்டு அவருடைய இளநீர்க் குவியலில் ஏறி, ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. காய்கள் சாலையெல்லாம் உருண்டன.

"இன்னாம்மா, கண்ணு தெர்ல?" என்று கத்தினார் இளநீர்க்காரர்.

முதலாளியின் இரண்டு கையும் இன்னும் தலைக்கு மேலே கூப்பியபடி இருந்தன. அந்த நிலையிலேயே கேட்டார்: "கையை ஏம்மா எடுத்த?"

"நான் எங்க சார் எடுத்தேன்? எடுக்கவே இல்ல!"

சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது. பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்தால் தலைக்கு மேல் போகும் கை, என்னைக் கேட்டுக்கொண்டா போகும்?

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே ஏழுமலை அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நானும் அதத்தாம்மா சொன்னேன்."

அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே அறிக்கையைக் கிழித்துப் போட்டேன். அந்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி, நிறுத்தி, கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். முதலில் கையெழுத்துப் போட்டது நான்.

ஏழுமலை அண்ணன் இன்னும் அதே லாரியில்தான் இருக்கிறார். என் கல்யாண மேடையில் நான் வந்தவர்களை இரண்டு கையும் கூப்பி வணங்கியபோது, வரிசையில் நின்றிருந்த அவர் குரலை மெலிதாக்கிக்கொண்டு, "இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கவும்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏது என்று விசாரித்து, கதை மொத்தத்தையும் மேடையிலேயே வாங்கிக்கொண்டார்கள். இப்போது என் நாலு வயது மகள் அந்த வளைவு வருவதற்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே பின்சீட்டில் அறிவிப்பை ஆரம்பித்துவிடுகிறாள்.

நானும் ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் கும்பிடுகிறேன். ஆனாலும் என் கார் தூரத்தில் வரும்போதே அந்த இளநீர்க்காரர் எழுந்து புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்.