விடுதலை வேண்டாம் என்ற மண்டபம் அண்ணன்

போலீஸ் வண்டியில் ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மரக்காணத்து 'மண்டபம்' அண்ணன்.

நம் ஊர் வழக்கம் தெரியுமல்லவா? மறியல் செய்தால் கைது. கைதானால் ஒரு கல்யாண மண்டபம், மத்தியானம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை. உப்பளத்தில் உப்பு வாருகிற அண்ணன், எதிர்க்கட்சி எந்த மறியல் அறிவித்தாலும் முதல் ஆளாக வண்டியில் ஏறிவிடுவார். பையில் லுங்கி, காற்றுத் தலையணை, ஊறுகாய் எல்லாம் இருக்கும். புது இன்ஸ்பெக்டருக்கே வழி சொன்னவர் அவர்.

"சார், அந்த மண்டபம் வேணாம். ஒரு ஃபேன்கூட சுத்தாது. அனுமந்தை ரோட்டு மண்டபத்துக்கு வுடுங்க."

பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நானும் அவரைப் பார்த்துச் சிரித்தவன்தான். நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய சமயம், அரசைக் கண்டித்து எதிர்க்கட்சி மறியல் அறிவித்தது. விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம் என்று கோரிக்கை நோட்டீஸ் என் கடைக்கு வந்தது. கூடவே வந்த அண்ணன், கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: உப்பளத்தில் குடிதண்ணீர்த் தொட்டி.

"போன வெயில்ல உங்க அண்ணி உப்புப் பாத்தியிலயே மயங்கி வுழுந்துட்டாப்பா. கேன்ல எடுத்துனு போற தண்ணி பத்து மணிக்கே காலி. தேர்தல் தேதி அறிவிச்சிட்டா புதுசா ஒரு வேலையும் நடக்காது. அதுக்குள்ள வாங்கிடணும்."

மறியலன்று நான் டீ குடிக்கத்தான் ரோட்டுக்கு வந்தேன். ஒரு போலீஸ்காரர் என் சட்டையைப் பிடித்தார்.

"சார், நான் டீ குடிக்க வந்தவன்!"

"மண்டபத்துல டீ குடுப்பாங்க, ஏறு."

ஆறு மணிக்கு எல்லோரையும் விட்டார்கள். தலைவர்கள் போட்டோவுக்கு நின்றுவிட்டுக் காரில் பறந்தார்கள். அண்ணன் மட்டும் மேடைக்கு எதிரே நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை விட்டுவிட்டு வர மனமில்லாமல் நானும் நின்றேன்.

"ஏம்பா, ஊட்டுக்குப் போகல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தொட்டி வந்துச்சா சார்?"

"அத என்னாண்ட கேட்டா?"

"வந்ததும் சொல்லுங்க, போறேன்."

அதற்குள் வாசலில் மேளச் சத்தம். மறுநாள் கல்யாணத்துக்கு அன்றைக்குப் பெண் அழைப்பு! பெண்ணின் அப்பா ஆளுங்கட்சிப் பிரமுகர், ஒன்றியத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அண்ணன் எழுந்திருக்க மறுக்கிற விஷயம் தெரிந்து உப்பளத்துப் பெண்களும் காலிக் குடங்களோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் காலிக் குடத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். தேர்தல் நேரத்தில் அத்தனை ஓட்டையும் தூக்கி வெளியே போட முடியுமா? பிரமுகருக்கு வேர்த்துக் கொட்டியது.

"நாலு நாள்ல தொட்டி வரும்யா, எழுந்திரு!"

"எழுதிக் குடுங்க."

கைக்குக் கிடைத்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பிரமுகர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் நிதானமாக இரண்டு தரம் படித்தார். மணமேடையைப் பார்த்து, "புள்ள நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டார். பிறகுதான் செருப்பைத் தேடினார்.

நான்காம் நாள் உப்பளத்தில் கறுப்புத் தொட்டி வந்து இறங்கியது. ஒரு பக்கம் ஆளுங்கட்சி போஸ்டர் ஒட்டியது, மறுபக்கம் எதிர்க்கட்சி ஒட்டியது. அண்ணன் எதையும் கண்டுகொள்ளவில்லை. உச்சி வெயிலில் அண்ணி பாத்தியிலிருந்து வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து, மூன்றாவதை முகத்தில் ஊற்றிக்கொண்டார். அண்ணன் வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் யார் என்று கேட்டால், யோசிக்காமல் அவரைத்தான் சொல்வேன்.