ஆறரை மணிக்கு வந்த வீரன்

'அந்தக் காலத்துக் கார்ட்டூன் பக்தர்' என்றோர் இனம் உண்டு. வாசகரே, எங்கள் பேராக் மாநிலத்தில் அதற்குப் பஞ்சமே கிடையாது. தேடி அலையவும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் ஏதோ ஒரு கார்ட்டூனைத் தட்டிவிடட்டும், எங்கிருந்தாலும் மூக்கு வேர்த்து வந்து, பின்னால் நின்று, "இதுல என்னா லா இருக்கு? எல்லாம் கம்ப்யூட்டரு" என்று உச்சுக்கொட்டும். அதுதான்.

ஈப்போ புந்தோங்கில் குடியிருக்கும் பத்துமலை இந்த இனத்தின் தேர்ந்த உருப்படி. வயது நாற்பத்தொன்பது. டயர் கடையில் சூப்பர்வைசர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, ஒன்பது வயதில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டு ஜன்னல் வழியே டிவியில் பார்த்த ரைகோமாரு என்கிற ஜப்பான் கார்ட்டூன் வீரனிடம் மனதைப் பறிகொடுத்து, இன்றுவரை அதைத் திரும்ப வாங்காதவர். சிவப்பு முகமூடி, மஞ்சள் அங்கி. ஒரு கை இடுப்பில், மறு கை வானத்தில். சண்டை முழுக்க ரைகோமாரு அப்படித்தான் நிற்பான். பத்துமலையின் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை ஏன் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுகையால் பந்தலைத் தொடுகிறார் என்று கேட்காத விருந்தாளி கிடையாது. பதில் சொல்லிச் சொல்லி மனைவி புனிதாவுக்கு வாய் வலித்துவிட்டது.

பத்துமலையோ கேட்காதவருக்கும் சொல்வார். "கால்மணி நேரம்தான் லா. பாட்டு கிடையாது, பீடிகை கிடையாது. எடுத்த எடுப்புல சண்ட! நேரா பூதத்து மண்டையில அடி! அதுதான் கலை. இப்ப உள்ளவனுக்கு வருமா?"

நாற்பது ஆண்டு இதே பாட்டு. சென்ற ஞாயிறு காலை, பாசார் காராட் பழம்பொருள் சந்தையில், ஓடாத கடிகாரங்களுக்கும் ஜோடியில்லாத செருப்புகளுக்கும் நடுவே ரைகோமாரு கிடைத்தான். பன்னிரண்டு தட்டுகள் அடங்கிய டிவிடி பெட்டி. பத்துமலை பேரம் பேசாமல் வாங்கினார் என்றால், நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து குளித்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். கிண்ணம் நிறைய கச்சாங் பூத்தே என்கிற வறுகடலை கொறிக்க வந்தது. பதினான்கு வயது மகள் துளசி பார்த்துக்கொண்டிருந்த கார்ட்டூன் பாதியில் அணைக்கப்பட்டது.

"என்னாப்பா இது!"

"இன்னிக்கு இதப் பாரு. நான் சொன்னதுல ஒன்னாச்சும் பொய்யா இருந்தா ரிமோட்டு ஒனக்கு. ஜென்மத்துக்கும் தொட மாட்டேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"ரைகோமாரு மேல சத்தியம்!"

பக்தர் படம் பார்க்க மாட்டார். படம் பார்க்கிற உங்கள் முகத்தைப் பார்ப்பார். பத்துமலையும் மகளின் முகத்தைப் பார்த்தபடி, "இப்ப பாரு, இப்ப பாரு" என்றார். தட்டு சுழன்றது. பாட்டு வந்தது! முழுசாக ஒன்றரை நிமிடம், ரைகோமாரு இரண்டு முயல்களோடு கைகோத்துக் குதித்தான்.

"பாட்டு இல்லேன்னீங்க?"

"இது... பின்னால சேத்திருப்பானுங்க."

கதை தொடங்கியது. குகைக்குள் பூதம் சிவனே என்று தூங்கிக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்ற ரைகோமாருவுக்குப் பொழுது போகவில்லை. ஒரு குச்சியை எடுத்துப் பூதத்தின் காதைக் குடைந்தான். பூதம் புரண்டு படுத்தது. மறுபடியும் குடைந்தான். பூதம் எழுந்து ஓர் உதை விட்டது. உருண்டு விழுந்தவன் மெல்ல எழுந்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, மறுகையை வானத்தை நோக்கித் தூக்கினான்.

"பாத்தியா! அதான் லா!" பத்துமலை துள்ளி எழுந்து தானும் அப்படியே நின்றார்.

துளசி திரையின் அடியில் ஓடிய மலாய் வரியைப் படித்தாள். "இடுப்பு புடிச்சிக்கிச்சு, யாராச்சும் வந்து தூக்குங்கன்னு கத்துறான்பா."

புனிதா மெதுவாகத் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தாள்.

"டூப்ளிகேட்டு!" என்று கத்தினார் பத்துமலை. "நான் பாத்த ரைகோமாரு இவன் இல்ல! இந்தக் குச்சி, இந்த முயலு, ஒன்னையும் நான் பாத்ததே இல்ல!"

"எப்படிங்க பாப்பீங்க?" என்றாள் புனிதா. அவளும் அதே தோட்டம்தான். "எங்கப்பாதானே ஜெனரேட்டர முடுக்குவாரு. சாயங்காலம் ஆறரைக்கு, ஒரு நிமிசம் முந்தாது. ஆறே முக்காலுக்கு நீங்கள்லாம் படம் முடிஞ்சி கிராணி வீட்டு ஜன்னல்லேருந்து கத்திக்கிட்டு ஓடி வருவீங்க. இந்தப் படம் அரைமணி நேரம்னு பெட்டியில போட்டிருக்கு. மொத கால்மணி நேரம் நம்ம தோட்டத்துல கரண்டே இல்லீங்க."

பத்துமலை பொத்தென்று உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில் சண்டை, பாட்டில்லாத படம், கால்மணி நேரக் காவியம் எல்லாம் மாமனார் பிச்சைமுத்துவின் கைவண்ணமா? ஜப்பான்காரனுக்குச் செய்த நாற்பது ஆண்டுப் பூசையில் சரிபாதி மாமனாருக்குச் சேர வேண்டியது! அந்த மாமனாருக்கு அவர் தீபாவளிக்குக்கூட முகங்கொடுத்துப் பேசியது கிடையாது. கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். ஒன்பது வயதில் வைத்த நம்பிக்கை நாற்பத்தொன்பதில் உடைந்தால் உங்களுக்கும் கலங்கும். அதைவிட, மகள் முன்னால் உடைந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. ரிமோட்டை அவளிடம் நீட்டினார்.

துளசி வாங்கிக்கொண்டாள். தன் கார்ட்டூனுக்கு மாற்றப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மாற்றவில்லை. படத்தை விறுவிறுவென்று ஓட்டி, சரியாகப் பதினைந்தாவது நிமிடத்தில் நிறுத்தி, மலாய் வரியையும் அணைத்தாள்.

"கரண்டு வந்திருச்சுப்பா."

ரைகோமாரு நேராகப் பூதத்தின் மண்டையில் போட்டான் ஓர் அடி. பத்துமலை நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தார். "இப்ப பாரு... இப்ப பாரு!"

மிச்சம் பதினோரு தட்டுகளையும் அந்த வீட்டில் இப்படித்தான் பார்க்கிறார்களாம். மாமனாருக்கும் அன்றே போன் போனது என்று கேள்வி.

வயிறு குலுங்கச் சிரித்தாயிற்றா? நல்லது. அது இருக்கட்டும், "எங்க காலத்துல" என்று நீங்கள் கடைசியாக வாயைத் திறந்தது எப்போது? இன்று காலைதானே? மறுபடி திறப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் எத்தனை மணிக்குக் கரண்டு வந்தது என்று விவரம் தெரிந்தவர் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.