‘முடியாது சார்’னுதான் சொன்னேன்

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு வீட்டுல கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருக்கிற நசீர் பாய் டெய்லர் கடைக்குப் போய், என் மனைவி கிளாராவோட ஜாக்கெட்டை வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

சாயங்காலம் நாலரைக்கு அவ அண்ணன் பொண்ணுக்கு மறைமலை நகர் சர்ச்சுல கல்யாணம், பக்கத்து மண்டபத்துல ரிசப்ஷன். மெரூன் பட்டுப்புடவை ரெடி. அதுக்கு அந்த ஜாக்கெட்தான் மேட்ச். இதைக் காலைல இருந்து ஆறு தடவை என்கிட்ட சொல்லிட்டா.

ஏன் ஆறு தடவைன்னா, என் வரலாறு அப்படி. போன கிறிஸ்மஸுக்கு இதே கடையில வேற யாரோட ஜாக்கெட்டையோ வாங்கிட்டு வந்து, ரெண்டு குடும்பத்தோட பண்டிகையைக் கெடுத்தவன் நான். ஈஸ்டருக்கு கேக் வாங்கப் போனேன். வேண்டாம், அந்தக் கதையை விடுங்க.

"மூணு மணிக்குள்ள ஜாக்கெட் என் கையில இருக்கணும். இல்லன்னா நான் கல்யாணத்துக்கே வரல. எங்க அண்ணன்கிட்ட நீங்களே பதில் சொல்லிக்கோங்க"ன்னுட்டா.

என் மச்சானுக்குப் பதில் சொல்றதை விட நான் வேற ஊருக்குக் குடிபோறது சுலபம்.

பதினோரு மணிக்கு கடையில ஆஜர். நசீர் பாய் சிரிச்ச முகமா வரவேற்றார்.

"வாங்க சார், உக்காருங்க. ஹூக் மட்டும் வைக்கணும். அஞ்சே நிமிஷம்."

டெய்லர் சொல்ற அஞ்சு நிமிஷம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். நான் வெளிய வரும்போது மணி பன்னெண்டே கால். ஆனா கையில இருந்தது சரியான ஜாக்கெட்! மெரூன் கலர், கவர்ல கிளாரான்னு பேர். மூணு தடவை செக் பண்ணிட்டேன்.

ரோட்டுக்கு வந்தா, ரோட்டைக் காணோம். நடு ரோட்டுல ஒரு நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. மறியல்! என் பைக் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது.

கொய்யாப்பழ வண்டி அக்காகிட்ட "என்னக்கா பிரச்சனை?"ன்னு கேட்டேன்.

"இன்னாமோ புதுச் சட்டம் வர்தாம் சார். போலீஸ் தூக்க வந்தா தொபுக்குனு படுத்துக்குவாங்கல்ல, அத்தக்கூட தப்புன்னு சொல்லப் போறாங்களாம். அதுக்கோசரம் இவங்கோ படுக்கப் போறாங்களாம்."

அதாவது போலீஸைத் தள்ளுறது, அடிக்கிறது மட்டும் இல்ல. கைது பண்ண வரும்போது உடம்பை லூசா விட்டுட்டு ‘தூக்கிக்கோ’ன்னு கிடந்தாலும் குற்றம்னு ஒரு சட்டம் கொண்டு வரலாமான்னு மேலிடத்துல பேசிக்கிட்டு இருக்காங்களாம்.

எனக்கு அந்தச் சட்டத்தைப் பத்தி ஒரு கருத்தும் இல்ல. என் மொத்த கவனமும் ஜாக்கெட் மேலதான்.

சுத்திப் போனா பத்து நிமிஷம். நடுவுல பூந்து போனா அரை நிமிஷம். நான் என்ன பண்ணியிருப்பேன்னு சொல்லணுமா? "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க"ன்னு கூட்டத்துக்குள்ள இறங்கிட்டேன்.

கரெக்டா நடுவுல போகும்போது கவர் கையில இருந்து நழுவிச்சு. குனிஞ்சேன்.

‘கடக்!’

என் இடுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிப் பிடிச்சுக்கும். பிடிச்சா நிக்கவும் வராது, நிமிரவும் வராது. மெதுவா, ரொம்ப மெதுவா, கவரை நெஞ்சோட அணைச்சபடி அங்கேயே உக்காந்து, அப்படியே சாஞ்சு படுத்துட்டேன். கீழ ஒரு துணி பேனர் விரிச்சிருந்தது. அதுல ‘அசைய மாட்டோம்!’னு பெருசா எழுதியிருந்ததை நான் அப்போ கவனிக்கல.

மைக் வச்சிருந்த தலைவர் என்னைப் பார்த்துட்டார். பெரிய மீசை, கழுத்துல துண்டு.

"பாருங்க தோழர்களே! பொதுமக்கள் தானா வந்து படுக்கறாங்க! போலீஸ் வந்தா ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது! உடம்பைத் தளர விடுங்க! நாம நடந்து போய் வேன் ஏறினா, இந்தச் சட்டத்தை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி!"

கைத்தட்டல் பலமா இருந்தது. போலீஸும் வந்துடுச்சு. இன்ஸ்பெக்டர் இறங்கி, "ரெண்டு நிமிஷம் டைம். எல்லாரும் எழுந்து வேன்ல ஏறுங்க"ன்னார்.

ஒருத்தரும் அசையல. பார்க்கவே கம்பீரமா இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

கொள்கை எல்லாம் உறுதியாதான் இருந்தது. ஆனா மத்தியானம் பன்னெண்டரை மணிக்கு தார் ரோட்டுச் சூடு அதை விட உறுதியா இருந்தது. முதல்ல ஒருத்தர் நெளிஞ்சார். இன்னொருத்தர் "ஸ்ஸ்..."ன்னு ஒரு பக்கமா தூக்கி உக்காந்தார். வேன் நிழல்ல நின்னுக்கிட்டு இருந்தது. ஒவ்வொருத்தரா எழுந்து வரிசையா, ஸ்கூல் அசெம்பிளிக்குப் போற மாதிரி ஏறிட்டாங்க. தலைவர் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிச்சு, "போராட்டம் வேன்ல தொடரும்!"னு அறிவிச்சுட்டு ஓடிப்போய் ஏறினார்.

ரோட்டுல மிச்சம் நான் ஒருத்தன். பேனர் மேல படுத்திருந்ததால எனக்குச் சூடு தெரியல.

இன்ஸ்பெக்டர் என் பக்கத்துல வந்து நின்னார். மரியாதையாதான் பேசினார்.

"எழுந்திரிங்க சார்."

"முடியாது சார்."

வேன்ல இருந்து ஒரே விசில்!

இன்ஸ்பெக்டர் முகம் மாறிடுச்சு. "என்னது? முடியாதா?"

நம்ம தமிழ்ல இது ஒரு பெரிய பேஜார். உடம்புக்கு முடியலைன்னாலும் முடியாதுதான். திமிரா மறுத்தாலும் முடியாதுதான்.

"ஐயோ, அந்த முடியாது இல்ல சார்! நிஜமாவே முடியாது!"

"ஓ, நிஜமாவே முடியாதா?"

"எழுந்திரிக்க வரல சார்!"

"நீங்க வரலைன்னா நாங்க தூக்கிட்டுப் போவோம்!"

"சார், தூக்காதீங்க! தயவுசெஞ்சு தொடாதீங்க!"

வேன்ல இருந்து தலைவர் தொண்டை கிழிய கத்தினார். "தொடாதே! தொடாதே! தோழரைத் தொடாதே!" நாப்பது பேரும் பின்பாட்டு.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "கடைசியா கேக்கறேன். ஒத்துழைக்கிறீங்களா இல்லையா?"

"மனசு ஒத்துழைக்குது சார். இடுப்புதான் ஒத்துழைக்கல."

நக்கல் பண்றேன்னு நினைச்சுட்டார். நாலு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

போராட்டக்காரர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர்னு பேப்பர்ல போடுவாங்க இல்லையா? சின்ன வயசுல, குண்டா இருக்கிறவங்களை மட்டும்தான் தூக்குவாங்கன்னு நினைச்சுப்பேன். நான் தொண்ணூத்தி நாலு கிலோ. என் விஷயத்துல அது சரியாப் போச்சு.

தூக்கினதும் உயிர் போற வலி. உடம்பை இறுக்கிக்கிட்டேன்.

"சார், டைட்டா இருக்காதீங்க. அது எதிர்ப்பு"ன்னார் கால் பக்கம் இருந்த கான்ஸ்டபிள்.

லூசா விட்டேன்.

"சார், ரொம்ப லூசா விடாதீங்க. இப்ப பேசிக்கிட்டு இருக்கிற சட்டம் வந்துச்சுன்னா அதுவும் எதிர்ப்பு"ன்னார் தோள் பக்கம் இருந்தவர்.

"அப்போ நான் எப்படித்தான் சார் இருக்கிறது?"

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. "மீடியமா இருங்க."

மீடியமா இருந்து பாருங்க. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, உலகத்துலயே கஷ்டமான ஆசனம் அதுதான்!

எங்களைக் கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்துல வச்சாங்க. அஞ்சு மணி வரைக்கும் அங்கதான், அப்புறம் விட்டுடுவாங்க. என்னை மேடைக்கு முன்னாடி ஜமுக்காளத்துல மல்லாக்கப் படுக்க வச்சாங்க. தலைவர் வந்து கையைப் பிடிச்சு, "எங்களுக்கே இல்லாத உறுதி தோழர் உங்களுக்கு"ன்னு கண் கலங்கினார். இல்லைன்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல.

பேர் எழுத ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்தாங்க. பேரு தேவி.

"பேரு?"

"ஜெபராஜ்."

"அமைப்பு?"

"அமைப்பே சரியில்ல மேடம். எலும்புல கேப் இருக்குன்னு டாக்டர் சொன்னார்."

"நான் கேட்டது நீங்க எந்த அமைப்புன்னு சார். கட்சியா, சங்கமா?"

அப்பதான் முழு கதையையும் சொன்னேன். அவங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க, போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவருக்கும் பாவமாப் போச்சு.

"முன்னாடியே இடுப்பு வலின்னு சொல்லக் கூடாதா சார்? இப்ப நாப்பத்திரெண்டு பேர்னு மேல சொல்லிட்டேன். ஒருத்தர் குறைஞ்சா தப்பிச்சுட்டார்னு ஆயிடும். அஞ்சு மணி வரைக்கும் படுத்திருங்க. எப்படியும் உங்களால நடக்க முடியாதுல்ல?"

"முடியாது சார்"னேன். இந்தத் தடவை சரியா புரிஞ்சுக்கிட்டார்.

ஜாக்கெட் நெஞ்சு மேல இருக்கு. மணி ரெண்டு. போன் அடிச்சுது. கிளாரா!

"எங்க இருக்கீங்க?"

"மண்டபத்துல."

"மண்டபத்துலயா! என்னை விட்டுட்டா போனீங்க? அதுவும் இவ்வளவு சீக்கிரமா?"

"இல்லம்மா, கூட்டிட்டு வந்துட்டாங்க. வண்டி வச்சு."

"எங்க அண்ணன் வண்டி அனுப்பினானா? உங்களுக்கா? யாரு யாரு வந்திருக்காங்க?"

"ஒரு நாப்பது பேரு இருக்கும். எனக்கு யாரையும் தெரியல."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா இருக்கும். சாப்பாடு போட்டாச்சா?"

"போட்டாச்சு. லெமன் சாதம்."

அந்தப் பக்கம் குரல் ஏறிடுச்சு.

"கல்யாணத்துக்கு லெமன் சாதமா? பிரியாணின்னு சொன்னானே!"

இதுக்கு மேல தாங்காதுன்னு தேவி மேடம் போனை வாங்கிட்டாங்க. "அம்மா, நான் போலீஸ் பேசறேன். உங்க வீட்டுக்காரர் மறியல்ல கைதாகி இங்க இருக்கார். பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கார்."

ஸ்பீக்கர்ல இல்லாமலே கிளாரா குரல் எனக்குத் தெளிவா கேட்டுச்சு.

"அவர் இருக்கட்டும் மேடம். ஜாக்கெட் பத்திரமா இருக்கா?"

தேவி மேடம் ஒரு செகண்ட் என்னைப் பார்த்தாங்க, ஜாக்கெட்டைப் பார்த்தாங்க. அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருந்த முகம் சட்டுனு சீரியஸ் ஆயிடுச்சு.

"கல்யாணம் எத்தனை மணிக்கும்மா?"

"நாலரைக்கு. நான் இங்கிருந்து மறைமலை நகர் போகணும்."

"இன்னும் நீங்க ஜாக்கெட் போட்டே பார்க்கலையா! டைட்டா இருந்தா தையல் பிரிக்க டைம் வேணுமே!"

இன்ஸ்பெக்டர்கிட்ட நேரா போனாங்க. என்ன பேசினாங்கன்னு தெரியல. ‘சொந்த அண்ணன் பொண்ணு சார்’ங்கிறது மட்டும் காதுல விழுந்தது. திரும்பி வந்து என் நெஞ்சு மேல இருந்த கவரை எடுத்தாங்க. இவ்வளவு வலியிலயும் இழுபறியிலயும் நான் விடாம காப்பாத்தின கவர்! ஜீப் எங்க வீடு இருக்கிற கிழக்குத் தாம்பரம் பக்கம்தான் போகுதாம்.

ரெண்டே முக்காலுக்கு எங்க தெருவுல போலீஸ் ஜீப் நின்னிருக்கு. மொத்த தெருவும் வெளிய. தேவி மேடம் இறங்கி, கேட்டைத் திறந்து, ஜாக்கெட்டைக் கொடுத்து, போட்டுப் பார்க்கிற வரைக்கும் ஹால்ல காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. முதுகுப் பக்கம் ஒரு ஹூக் சரியா நிக்கலைன்னு, அவங்களே ஊசி நூல் வாங்கி தைச்சும் கொடுத்திருக்காங்க.

மூணே காலுக்குத் திரும்பி வந்தாங்க. கையில வலி தைலம் ஒரு பாட்டில், கிளாரா கொடுத்தனுப்பினது.

"கச்சிதமா இருக்கு சார். மேடம் சூப்பரா இருந்தாங்க. எனக்கும் அந்த டெய்லர் கடை எங்கன்னு சொல்லுங்க."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா மேடம்?"

"கேட்டாங்க சார். பைக் சாவி எங்கன்னு."

கிளாரா ஆட்டோ பிடிச்சு டைமுக்குப் போயிட்டா. அவ அண்ணன் "எங்க அவரு?"ன்னு கேட்டதுக்கு, "ஜனநாயக உரிமைக்காகப் போராடி கைதாகியிருக்கார்"னு கெத்தா சொல்லியிருக்கா. மச்சான் ரிசப்ஷன் முழுக்க எல்லார்கிட்டயும் அதையே சொல்லிட்டு இருந்தாராம். அவர் என்னைப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை பேசினது எனக்குத் தெரிஞ்சு அதுதான் முதல் தடவை. கேட்டதும் நிஜமாவே சந்தோஷமா இருந்தது. அதைக் கேக்க நான் அங்க இல்லைங்கிறதுதான் குறை.

அஞ்சு மணிக்கு எல்லாரையும் விட்டுட்டாங்க. தலைவரும் மூணு தோழர்களும் என்னைத் தூக்கிட்டுப் போய் ஆட்டோவுல வச்சாங்க. நாலு நாள் படுக்கை. அப்புறம் ஒரு வாரம் குச்சி பிடிச்சு நடந்தேன்.

கல்யாணம் ஆகி இருபத்திரெண்டு வருஷம். நான் வாங்கப் போன ஒரு பொருள் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே, ரிப்பேரும் பார்த்து, பத்திரமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அன்னிக்கு ஒரு நாள்தான்.

இப்போ என்னைக் கடைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கிளாரா ஒரே ஒரு கேள்விதான் கேக்கறா: "இன்னிக்கு அந்தப் பக்கம் மறியல் ஏதாவது இருக்கா?"