தூசி இல்லாத வீடு

"இந்தத் திரைச்சீலையை யாரு இங்க தொங்கவிட்டது?" என்று அதட்டிவிட்டு இருமத் தொடங்கினார் ஆய்வாளர்.

"வீடு கட்டின புதுசுல நீங்கதான்" என்றாள் மனைவி.

அவர் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ஓட்டல் சமையலறைகள் அவர் தலையைக் கண்டாலே நடுங்கும். இப்போது அவர் நெஞ்சுதான் நடுங்குகிறது. சிகரெட் கொடுத்துவிட்டுப் போன நாள்பட்ட நுரையீரல் நோய், இந்த வருஷம் அடிக்கடி முற்றிப் படுக்கையில் தள்ளியது.

கடல் தாண்டி மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. "ஒரு மாசம் மூச்சு ஒழுங்கா இருந்தாத்தான் விமானம்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பேத்தியைக் கையில் வாங்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று அவருக்கு உள்ளூர ஒரே பயம். அந்தப் பயத்தையெல்லாம் தூசியின் மேல் காட்டினார்.

திரைச்சீலையைத் தன் கையாலேயே கழற்றி உதறினார். அன்று மாலையே ஆஸ்பத்திரி.

திரும்பி வந்ததும், பெயிண்ட் அடித்தால் சுவரில் தூசி ஒட்டாது என்றார். பெயிண்ட் நெடியில் மறுபடியும் ஆஸ்பத்திரி.

"ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னா எப்படிங்க?" என்றாள் மனைவி.

"கிருமியைப் பத்தி எனக்கே பாடமா?"

குளியலறையில் கிருமி அதிகம் என்று தன் பல் பிரஷைப் பின்பக்கக் குழாயடிக்குக் குடிமாற்றினார். பிறகு வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஜன்னல் வலையில ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. காலையிலயும் சாயங்காலமும் ஒவ்வொரு கண்ணா தேய்க்கணும். புரியுதா?"

"செஞ்சிடறேங்க ஐயா."

வலை பளபளத்தது. ஆனால் ஆய்வாளருக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. மூச்சு முன்னைவிட மோசமானது.

இந்தத் தடவை டாக்டர் நெஞ்சை விட்டுவிட்டு, "வாயைத் திறங்க" என்றார். பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஈறெல்லாம் சீழ். இந்தக் கிருமி எச்சிலோட நெஞ்சுக்குள்ள இறங்கினா, கெட்டுப்போன நுரையீரல் சும்மா இருக்குமா?"

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்களே டாக்டர்! ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறேன்."

"பிரஷ் வாங்கி எத்தனை நாளாச்சு?"

"அது கெட்டி பிரஷ். கொஞ்ச நாளா முடி விரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"முதல்ல பல் டாக்டரைப் பாருங்க. அப்புறம் பேத்தியைப் பார்க்கலாம்."

பேத்தி என்றதும் ஆய்வாளரின் வீறாப்பு இறங்கிவிட்டது. பல் டாக்டரின் நாற்காலியில் கண்ணில் நீர் வழிய ஈறைச் சுத்தம் செய்துகொண்டார். வரும் வழியில் புது பிரஷ் ஒன்றும் வாங்கினார்.

"ஊரையே சுத்தமாக்கினவன் வாயில எப்படிம்மா இவ்வளவு அழுக்கு?" என்று மனைவியிடம் அப்பாவியாகக் கேட்டபடியே, பழைய பிரஷைக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

வாளியோடு வந்துகொண்டிருந்த வேலைக்கார அம்மா பதறிப்போனாள்.

"ஐயையோ, அதைப் போய் எறிஞ்சிட்டீங்களே! இனிமே ஜன்னல் வலையை நான் எதை வெச்சுத் தேய்ப்பேன்?"