விற்க ஒரு நல்ல நாள்

"அங்கிள், பாரிஜாத் பெயிண்ட்ஸ் இன்னிக்கும் ஏறியிருக்கு. கால்வாசியாவது வித்துடலாமா?"

பகல் மூன்று மணி. மும்பை மாதுங்கா ஃப்ளாட்டில் ஹரிகிருஷ்ணன் முதல் ரிங்கிலேயே போனை எடுத்திருந்தார். பேசியது சுஷ்மா, அவருடைய ஷேர் புரோக்கர் ஆபீஸ் பெண்.

"ஆயிரத்து எண்ணூறு வரட்டுமே, பார்க்கலாம்."

பாரிஜாத்தின் அம்பர்நாத் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தபோது பத்து ரூபாய் விலையில் கிடைத்த ஷேர்கள். இன்று அவர் சொத்தே அதுதான். கொஞ்சம் விற்றாக வேண்டும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் விற்றுவிட்டால் சுஷ்மா எதற்கு தினம் மூன்று மணிக்குக் கூப்பிடப் போகிறாள்? மனைவி ருக்கு போய் மூன்று வருடமாகிறது. டொரண்டோவில் இருக்கும் மகன் கண்ணா ஞாயிறு மட்டும் பேசுவான். மற்ற நாட்களில் அந்த வீட்டில் குரல் எழுப்புவது குக்கர் மட்டுமே.

பாழாய்ப்போன ஷேர், அடுத்த வாரமே ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியது.

"போனஸ் ஷேர் வரப்போறதாமே, வந்துடட்டும்" என்றார். வந்தது. ஒன்றுக்கு ஒன்று. விற்க வேண்டிய ஷேர் இரட்டிப்பாகி, அதனால் பாதியாக இறங்கிய விலையும் சில மாதங்களில் பழையபடி ஏறி நின்றது.

விலை கைவிட்டதும் பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய் மூன்று மணிக்கு ராகு காலம். புதன் அஷ்டமி. வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை வீட்டு லட்சுமியை வெளியே அனுப்பலாமா? திங்களுக்கு ஒன்றும் அகப்படாமல், தொண்டை கட்டிப் பேச முடியவில்லை என்று அரை மணி நேரம் பேசினார்.

ஒருநாள் சுஷ்மாவே முந்திக்கொண்டாள். "நாளைக்கு உங்க ராசிக்கு சந்திராஷ்டமம், அங்கிள். விக்க வேணாம்."

"நீ எப்போ பஞ்சாங்கம் பார்க்கக் கத்துண்டே?"

"எல்லாம் உங்களாலதான். இப்ப பக்கா ஆயிட்டேன். சரி, மதியம் என்ன சமையல்?"

ஞாயிற்றுக்கிழமை கண்ணா கத்தினான். "மொத்தமும் ஒரே கம்பெனியிலயா? அது விழுந்தா சாப்பாட்டுக்கு என்னப்பா பண்ணுவேள்?"

விழுந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மளமளவென்று. மூன்று மணிக்குள் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது. மார்க்கெட் மூட அரை மணிதான் பாக்கி. போன் அடித்தது. ஹரிகிருஷ்ணன் பாய்ந்து எடுத்தார்.

"சுஷ்மா, ராகு காலமாவது ஒண்ணாவது. பாதியை வித்துடும்மா, இப்பவே."

அவரே மேலே பேசினார்.

"இனிமே நீ கூப்பிட மாட்டே, தெரியும். அதுக்குத்தான் இத்தனை நாளும் இழுத்தடிச்சேன். பேச வேற யாரும் இல்லை. மன்னிச்சுக்கோ."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அங்கிள், சீக்கிரம் ஆபீஸ் நம்பருக்கு போன் பண்ணுங்க. நான் அந்த வேலையை விட்டு எட்டு மாசமாச்சு."