கோபுரத்திலிருந்து பார்த்த சோபா

உயரமான இடத்தில் ஏறினால் ஊரே தெரியும் என்பது எனக்கு அப்போதே தெரியும். அந்த ஊருக்குள்தான் எங்கள் வீடும் இருக்கிறது என்பது மட்டும் உறைக்கவில்லை. (என்னையும் நம்பி மில்லில் சூப்பர்வைசர் ஆக்கினார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.)

செல்வியைப் பெண் பார்த்துப் பிடித்துப்போயிருந்தது. அவள் அப்பா எரியோட்டிலிருந்து வந்து எங்கள் வீட்டைப் பார்த்துச் சரி என்றால்தான் கல்யாணம். எங்கள் வீட்டிலோ உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. அதனால் எதிர்வீட்டு சோபாவை ஒருநாள் இரவல் வாங்குவதாக ஏற்பாடு.

அன்று சனிக்கிழமை. பதினொன்றரைக்கு வருவதாகச் சொன்ன மனிதர், ராகுகாலத்துக்கு முன்பே கிளம்பி ஒன்பதரைக்கெல்லாம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டார். போனில் அம்மா அலறினாள்: "இப்பக் கூட்டியாராதடா! செத்த நேரம் எங்கிட்டாவது சுத்திக் காட்டு!"

ஊரோரக் கரட்டின் மேல் பழைய ரேடியோ கோபுரம் ஒன்று உண்டு. ஒலிபரப்பு நின்று பல காலமாகி, இப்போது மேல்தளத்தில் தொலைநோக்கி வைத்து ஜனங்களை ஏறவிடுகிறார்கள். "அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் இங்கயிருந்துதான் கெளம்பும் மாமா" என்று, நானே பாடி அனுப்பிய மாதிரி அளந்துகொண்டே படி ஏறினேன். (அதற்குள் மாமா!) மேலே மலைக்கோட்டையைக் காட்டினேன், சிறுமலையைக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம வீடுகூடத் தெரியும் மாமா" என்று தொலைநோக்கியைத் திருப்பி, எங்கள் பச்சை வீட்டில் நிறுத்திக் கொடுத்தேன்.

குனிந்தவர் நிமிரவே இல்லை.

"தம்பி, உங்க அப்பா எதையோ தூக்கிட்டு வாராரு."

நானும் பார்த்தேன். நடுத்தெருவில் எதிர்வீட்டு சோபா வந்துகொண்டிருந்தது. முன்னால் அப்பா, பின்னால் எதிர்வீட்டுக்காரர். ஓர் ஆட்டோவை மறித்து நின்று அம்மா வழி சொல்லிக்கொண்டிருந்தாள். சோபா கேட்டில் சிக்கியது. என் கல்யாணமும் அங்கேயே சிக்கிவிட்டதென்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கீழ போவமா மாமா?"

"அவசரப்படாதீங்க தம்பி. மொதல்ல அத உள்ள கொண்டு போகட்டும்."

வீட்டில் அம்மா பெருமையாக, "நம்ம சோபாதான், நல்லாச் சாஞ்சு உக்காருங்க" என்றாள். அவரும் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பஸ் ஏற்றிவிடும்போது தாங்க முடியாமல், "மாமா, அந்த சோபா..." என்று இழுத்தேன்.

"விடுங்க மாப்ள" என்றார். (மாப்பிள்ளையாமே!) "நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க வாசல்ல ஒரு டிராக்டர் நின்னுச்சுல்ல? அது எம் பங்காளியோடது. உழவுக்கு நேரமாச்சுன்னு நீங்க கெளம்புறதுக்குள்ள அவன் குதிச்ச குதி எனக்குல்ல தெரியும்!"

இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை முற்றினால் செல்வி சோபாவில் ஆரம்பிப்பாள். நான் டிராக்டரில் முடிப்பேன். போன வாரம் நடுவில் புகுந்து எங்கள் மகள் கேட்டாள்: "அப்ப நம்ம வீட்டுல எதுதாம்ப்பா நம்மளோடது?"