பெர்னீஸ் வீட்டு ஷெட்டில் ஒரு காடிலாக்

ஆசை ஆசையாய் ஒரு காரை வாங்கிவிட்டு, கொலைகாரன் பிணத்தை ஒளிக்கிற மாதிரி அதை ஒளித்துவைக்கிற ஆளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

ஹாம்ட்ராமக்கில் ஒருவன் இருந்தான். டெட்ராய்டுக்கு நடுவிலே பொத்தி வைத்த மாதிரி இருக்கிற ஊர் அது. அவன் பெயர் நார்பர்ட். ஹார்டுவேர் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிறவன். ஆள் கதவு மாதிரி இருப்பான். தைரியம் மட்டும் அவன் விற்கிற ஆணிகளிலேயே ஆகக் கடைசி அளவு.

கார் என்றால் சும்மா கார் இல்லை. காடிலாக். கன்னங்கரேல் என்று, கண்ணாடி மாதிரி பளபளப்பு. பின்பக்கம் இரண்டு துடுப்பு, மீனுக்கு இருக்கிற மாதிரி. போர் விமானத்தின் வாலைப் பார்த்துவிட்டு வந்துதான் அந்தத் துடுப்பை முதலில் வரைந்தார்களாம். நார்பர்ட்டின் சித்தப்பா இறந்தபோது அவனுக்கு ஒரு மீன்பிடிப் படகை விட்டுவிட்டுப் போனார். படகைக் கொடுத்துவிட்டு இந்தக் காரை வாங்கினான். பெண்சாதி லொரெட்டாவிடம், "படகு ஓட்டை விழுந்து ஏரியில முங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டான்.

"ஐயோ பாவம். நீ அதுக்குள்ளயா இருந்த?"

"ஆமா. நீந்தித்தான் கரைக்கு வந்தேன்."

"சட்டை நனையவே இல்லயே."

"காத்து அப்படி அடிச்சுது."

லொரெட்டா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதை எண்ணி அவன் அன்றே பயந்திருக்க வேண்டும். ஆனால் அவனுடைய பயம் முழுவதையும் இன்னொருவர் ஏற்கனவே குத்தகைக்கு எடுத்திருந்தார். அவனுடைய மாமனார், கஸிமிர்.

கஸிமிர், காடிலாக்குக்குப் போட்டியான லிங்கன் கார்த் தொழிற்சாலைக்குள் சுருட்டை முடியோடு போய், வழுக்கையோடு வெளியே வந்தவர். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கம்பெனி சோறு போட்டதோ அந்தக் கம்பெனி வண்டியைத்தான் வீட்டு வாசல் பார்க்கலாம். மதம் மாறியவனைக்கூட நாலு நாள் திட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். கார் மாறியவனைச் சேர்க்க மாட்டார்கள். லொரெட்டாவின் அத்தைமகன் ஒருத்தன் தன் முதலாளியின் காடிலாக்கில் ஞாயிறு விருந்துக்கு வந்து இறங்கினான். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு யாரும் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்தவில்லை. கஸிமிர் அவனிடம் வானிலை பற்றிக்கூடப் பேசவில்லை.

நார்பர்ட் குடியிருந்த வீடோ கஸிமிருடையது. கல்யாணத்தன்றே சாவியைக் கையில் கொடுத்து, "மாப்ள, நீங்க குடிச்சாலும் பொறுத்துப்பேன். இந்த வாசல்ல காடிலாக் நின்னா மட்டும் சாவியத் திருப்பிக் குடுத்துடணும்" என்றிருந்தார். ஆகவே கார் போக வேண்டும், இல்லையென்றால் வீடு போக வேண்டும். ரெண்டும் போகாமல் இருக்க ஒரே வழி, பின் சந்தில் இருக்கும் பெர்னீஸ் என்ற விதவையின் கார் ஷெட். அதில் வண்டியை விட்டு, மேலே தார்ப்பாய் போட்டு, தார்ப்பாய்க்கு மேலே உருளைக்கிழங்குக் கோணிகளைப் போட்டு வைத்தான். சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்து ஷெட் ஆணியிலேயே மாட்டினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் ஆடப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பான். உட்வர்ட் சாலையில் பொழுது இருட்டும் நேரம் மெல்ல உருட்டிக்கொண்டு போவான். அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் ஆணி விற்கிறவனைக் காணோம், கவர்னர்தான் உட்கார்ந்திருப்பார். போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். மணி கேட்கலாம் என்று ஒரு ஹோட்டல் வாசலில் நிறுத்தினான். காவலாளி ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டான். வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய், ஒரு காபி குடித்துவிட்டு வந்தான்.

என்றாவது மாட்டிக்கொண்டால் சொல்ல ஒரு பேச்சும் தயார் செய்து வைத்திருந்தான். கார்க் கண்ணாடியைப் பார்த்து அதை ஒப்பிப்பான்: "மாமா, இந்த ஊரை உண்டாக்கின பிரெஞ்சுக்காரர் பேர்தான் காடிலாக். ஊர் பேர்ல இருக்கிற கார எப்படி வெறுக்கிறது? அதோட, காடிலாக்க ஆரம்பிச்சவர் ஹென்றி லேலண்ட். அங்கேயிருந்து சண்டை போட்டுட்டு வந்து உங்க லிங்கன ஆரம்பிச்சவரும் அதே லேலண்ட்தான். ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாமா." கண்ணாடி முன்னால் கணீரென்று வரும். மாமனாரை நினைத்தால் 'மாமா'வோடு பேச்சு நின்றுவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வந்தது வினை.

ஒரு செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை யாரோ முன்னால் இழுத்திருந்தார்கள். கண்ணாடி வேறு பக்கம் பார்த்தது. ஆனால் அவனை உலுக்கியது பெட்ரோல் முள்தான். போன வாரம் பாதிக்குக் கீழே இருந்த முள் இப்போது உச்சியில் நின்றது.

கார் திருடுகிறவன் உண்டு. பெட்ரோல் திருடுகிறவனும் உண்டு. பெட்ரோல் ஊற்றிவிட்டுப் போகிற திருடனை எந்த ஊரிலாவது கேட்டிருக்கிறோமா? அதிலும் இந்த வண்டிக்குப் பெட்ரோல் மூடி எங்கே இருக்கிறது என்று புதுசாய்ப் பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. இடது பக்கப் பின்விளக்கு இருக்கிறதே, அதையே மூடி மாதிரி மேலே தூக்க வேண்டும். அதற்கு அடியில் இருக்கிறது வாய். வாங்கின புதுசில் நார்பர்ட்டே பங்கில் நின்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தவன்தான். அப்படியானால் வந்தவன் விவரம் தெரிந்தவன். தொழில்முறை ஆள்.

அந்த வாரம் பேப்பரில், ஒரு வங்கியைக் கொள்ளையடித்தவர்கள் பெரிய கறுப்புக் காரில் தப்பிவிட்டதாகப் போட்டிருந்தது. நார்பர்ட் அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து, மடித்து, தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிவிட்டான்.

"கையில என்ன?" என்றாள் லொரெட்டா.

"பேப்பர்."

"முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"குளிரு."

"அடுப்புப் பக்கத்துல உக்காந்திருக்க."

"உள்ளுக்குள்ள குளிரு, லொரெட்டா."

"சூப்ப குடி. ஆமா, பௌலிங் எப்படிப் போகுது?"

"ரொம்ப நல்லா. செவ்வாய்க்கிழமைகூட எல்லாத்தையும் சாய்ச்சுட்டேன்."

"நல்லதுதான். உன் பந்து அலமாரிக்குள்ளயே இருந்துது, அதான் கேட்டேன்."

"அங்க வாடகைப் பந்து குடுப்பாங்க."

"ஓ" என்றாள். அந்த 'ஓ'வில் ஒரு லாரி நிறுத்தலாம் போல இடம் இருந்தது.

மறுநாள் பெர்னீஸிடம் போய் நின்றான். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஷெட்டுக்குப் பக்கம் யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவா? பூனை வரும்."

"பூனை பெட்ரோல் ஊத்துமா?"

"எனக்கு வண்டி விஷயமெல்லாம் தெரியாதுப்பா. சும்மா கேக்கறேன், வியாழக்கிழமை உனக்கு வேலை உண்டுதானே?"

"உண்டு."

"நல்லது நல்லது" என்று சொல்லிவிட்டு ஒரு போர்வையை விரித்து அதற்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

வியாழக்கிழமை. பிடித்துக்கொண்டான் நார்பர்ட். கொள்ளைக்காரர்கள் வருகிற நாள் அதுதான். இந்தக் கிழவியும் அவர்களுக்கு உடந்தை. போலீசுக்குப் போகலாமா? போனால் வண்டி யாருடையது என்று கேட்பார்கள். மாமனாருக்குத் தெரியும். இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்தான். கொள்ளைக்காரர்கள் சுட்டுப்போட்டால் ஒரே தடவைதான். கஸிமிர் ஒவ்வொரு ஞாயிறும் சுடுவார். ஆகவே கொள்ளைக்காரர்களையே நேரில் பார்ப்பது என்று முடிவு செய்தான்.

வியாழக்கிழமை காலையில் வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பி, கடைக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்றான். ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தான். தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து காருக்குள் ஏறி, பின் சீட்டுக்குக் கீழே தரையில் படுத்து, குளிருக்கு வைத்திருந்த கம்பளிப் போர்வையை மேலே இழுத்துக்கொண்டான். கதவு மாதிரி ஆள் தரையில் படுத்தால் எப்படி இருக்கும்? காருக்குள் ஒரு மலை முளைத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஷெட் கதவு கிறீச்சிட்டது. கோணிகள் விழும் சத்தம். தார்ப்பாய் சரிந்தது. யாரோ முன்னால் ஏறி சீட்டைச் சடக்கென்று முன்னே இழுத்தார்கள். நார்பர்ட்டுக்குச் சுத்தியல் எந்தக் கையில் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. சாவி திரும்பியது. வண்டி முனகாமல் கொள்ளாமல் உயிர் பெற்றது. சந்திலிருந்து வெளியே வந்து, ரெண்டு திருப்பம் திரும்பி நின்றது. இன்னொரு ஆள் ஏறினான். வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்த சாய்ப்பிலேயே தெரிந்தது, இவன்தான் கூட்டத்துக்குத் தலைவன்.

தலைவன் பெருமூச்சு விட்டான். பிறகு பேசினான்.

"சீட்டா இது. என் கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு மெத்துனு ஒண்ணுல நான் உக்காரல, லொரெட்டா."

போர்வைக்குள் நார்பர்ட்டின் வாய் திறந்தது. கம்பளி நூல் உள்ளே போனது. தலைவன் கஸிமிர்.

"மெதுவாப் பேசுங்கப்பா. ஜன்னல் திறந்திருக்கு."

"கசகசா கேக் கொண்டாந்தியா?"

"மடியில வச்சு சாப்பிடுங்க. சீட்டுல சிந்தாதீங்க."

வண்டி ஆற்றோரமாகப் பெல் ஐல் தீவுப் பாலத்தைப் பார்த்துப் போனது. கஸிமிர் மென்றுகொண்டே சொன்னார்: "இத நான் பாவமன்னிப்புல ஃபாதர்கிட்டகூடச் சொல்லலம்மா. ஆனா யோசிச்சுப் பாத்தேன். நான் வேலைக்குச் சேந்தப்ப லிங்கன நடத்தினது யாரு? கிழவர் லேலண்ட். காடிலாக்க ஆரம்பிச்சது யாரு? அதே கிழவர். மூத்தவன் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வர்ற மாதிரிதான இது?"

நார்பர்ட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த பேச்சு. அதை மனுஷன் கேக் தின்றுகொண்டே சொல்லி முடித்துவிட்டார்.

"கம்பிய விட்டுக் கையால சுத்தி வண்டியக் கிளப்பற காலத்துல உன் அம்மா வண்டிப் பக்கமே போகமாட்டா. சுத்துற கம்பி திருப்பி அடிச்சு முழங்கை உடைஞ்சவன் எத்தனை பேர். அந்தக் கம்பிய ஒழிச்சுக்கட்டி, பொத்தான அமுக்கினா ஓடற மாதிரி முதல்ல செஞ்சதும் இந்தக் காடிலாக்காரன்தான். நல்லத நல்லதுன்னு சொல்லணும்."

"ஞாயித்துக்கிழமை இப்படிச் சொல்லுங்களேன்."

"அது எப்படி? உன் புருஷன் முன்னாடியா? இது அவன் கார்னு எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சுதுன்னா நான் கோபப்பட்டே ஆகணும். கோபப்பட்டா வீட்டுச் சாவியக் கேட்டே ஆகணும். அவன் காரை வித்துடுவான். அப்புறம் என் வியாழக்கிழமை என்ன ஆவறது? அதனால எனக்குத் தெரியாது."

நார்பர்ட்டுக்குள் என்னவோ நிமிர்ந்தது. இத்தனை நாள் நடுங்கின நடுக்கமெல்லாம் இந்தக் கிழவருக்காகவா? பிடிபட்டது தான் இல்லை, அவர். எழுந்திருக்கலாம். சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆகா மாமா" என்று கம்பீரமாக ஆரம்பிக்கலாம். முழங்கையை ஊன்றினான்.

"நீ என்ன சொல்ற, நார்பர்ட்?" என்றாள் லொரெட்டா, சாலையைப் பார்த்தபடி.

கஸிமிர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"உன் கடை முதலாளி பெண்சாதி போன் பண்ணினா. காய்ச்சலுக்குக் கோழி சூப் கொடுத்தனுப்பட்டுமான்னு கேட்டா. வீட்டுல ஆளக் காணோம், கார்ல ஒரு மலை படுத்திருக்கு. எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா?"

போர்வைக்குள்ளிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. "எப்பேர்ந்து தெரியும்?"

"வாங்கின அன்னிக்கே, நீ ஷெட் கதவைச் சாத்தறதுக்கு முன்னாடியே பெர்னீஸ் வந்து சொல்லிட்டா."

"பெட்ரோல்?"

"ஒருத்தர் பொருள எடுத்தா நிரப்பி வைக்க வேண்டாமா? எங்க வீட்டுல அப்படித்தான் வளத்தாங்க."

கஸிமிர் திரும்பியே பார்க்கவில்லை. "லொரெட்டா, பின்னாடி யாராவது பேசறாங்களா? எனக்குக் காது கேக்கல."

"மாமா, நான்தான்."

"கேக்கவே இல்லம்மா."

நார்பர்ட் கிசுகிசுத்தான்: "அப்ப இனிமே வாசல்லயே நிறுத்தலாமா?"

"வாசல்ல லிங்கன்தான் நிக்கும்" என்றார் காது கேட்காத கஸிமிர்.

"செவ்வாய்க்கிழமை நீ ஓட்டிக்கோ" என்றாள் லொரெட்டா. "வியாழன் அப்பாவுக்கு. சனிக்கிழமை பெர்னீஸ மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போறதாச் சொல்லியிருக்கேன், ஷெட்டுக்கு அதான் வாடகை. மத்த நாள் எனக்கு."

"மெழுகு போட்டுத் துடைக்கிறது?"

"கார் யாரோடது?"

"என்னோடது."

"அப்புறம் என்ன கேள்வி?"

கஸிமிர் திடீரென்று தொப்பியை நெற்றிவரை இறக்கிவிட்டார். எதிரே போலந்துக்காரர் சங்கக் கட்டடம். வாசலில் ஏழெட்டுக் கிழவர்கள், எல்லாரும் லிங்கனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், சுருட்டு பிடித்துக்கொண்டு நின்றார்கள். கால் வலிக்கு வைத்தியரைப் பார்க்க பெர்னீஸின் வண்டியில் போவதாகத்தான் அவர்களிடம் கஸிமிர் ஒவ்வொரு வாரமும் சொல்லி வைத்திருந்தார். அப்பாவும் மகளும் போனால் வைத்தியம். மருமகனும் சேர்ந்து போனால் அது குடும்பத்துக் கார்.

லொரெட்டா வேகத்தைக் குறைத்து, அந்தக் கிழவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். உதடு அசையாமல் சொன்னாள்:

"நார்பர்ட், அந்தப் போர்வையத் தலைக்கு மேல கொஞ்சம் இழுத்துக்கறியா, கண்ணு."